தேசப்படமும் வனமும்: எண்ணிமப் பூகோளத்தின் சமூக வரலாறு குறித்துச் சில சிந்தனைகள்

2008ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியில் மேலைநாட்டுப் பத்திரிகைகள் பலவற்றில் ஒரு செய்தி வியப்புத் தொனியுடன் வெளியாயிற்று. மொசாம்பிக் நாட்டின் சம்பேசியா மாகாணத்திலே மபு என்னும் மலையில், எவராலும் அறியப்படாதிருந்த மழைக்காடொன்று கூகிள் எர்த் என்னும் கணினி மென்பொருளின் துணையால் 'கண்டுபிடிக்கப்பட்டது' என்பதே அச்செய்தி. மலாவியின் முலான்ஜே மலையிற் பணிபுரிந்துகொண்டிருந்த யூலியன் பேலிஸ் என்ற உயிரியலாளர், 1,600 மீற்றருக்கு மேற்பட்ட உயரமுடைய மலைகளை 2005ஆம் ஆண்டில் அம்மென்பொருளிலே தேடியபோது மபுவின் கரும்பச்சைத் திட்டு அவர் கண்ணிற் பட்டது. 2008இல் இலண்டன் கியூ தாவரவியற் பூங்காவைச் சார்ந்த குழுவொன்று அங்கு சென்றது. ஏறத்தாழ 7,000 ஹெக்டயர் பரப்புடைய அக்காடு ஆபிரிக்காவின் தென்பகுதியிலே நடுத்தர உயரத்தில் அமைந்த மழைக்காடுகளுட் பெரியது என அறியப்பட்டது. புதிய வண்ணத்துப்பூச்சி இனங்களும், மபுவின் பெயராலேயே 2009இல் வழங்கப்பெற்ற விரியன் இனமொன்றும் அறிவியலுக்குக் கிடைத்தன. 'கூகிள் காடு' என்ற பட்டப் பெயரும் அதற்குச் சூட்டப்பட்டது.

அறிவியல் நோக்கில் இவை பெறுமதி வாய்ந்த பேறுகள் என்பதில் ஐயமில்லை. ஆயின், மபு மலையடிவாரக் கிராமத்து மக்கள் அக்காட்டை அறியாதிருந்தவர்களல்லர். 1977 முதல் 1992 வரை அந்நாட்டை அலைக்கழித்த உள்நாட்டுப் போரின்போது அவர்கள் உயிர்காக்கப் புகலடைந்த இடமே அது. போரினாற் பாதைகள் சீர்குலைந்தமையும், வெளியார் வரவு தடைப்பட்டமையும் அக்காடு எஞ்சியமைக்கு ஒரு காரணமாகும். எனவே 'கண்டுபிடித்தல்' என்ற சொல் யாருடைய அறியாமையை அளவுகோலாகக் கொண்டது என்ற வினா எழுகின்றது. கொலம்பசின் காலந்தொட்டு இச்சொல் சுமந்துவரும் பாரத்தை நாம் இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

உலகின் பல பாகங்களிலும் நடைபெறும் இயற்கை பேணல் முயற்சிகளைக் கணினித் திரையிற் சுழலும் பூகோளமொன்றின்மீது குறித்துக்காட்டும் வழக்கம் 2005இன் பின்னர் பெருகிற்று. இவ்வழக்கத்தைத் தொழினுட்ப அற்புதமாக வியப்போரும், ஏகபோக மூலதனத்தின் சூழ்ச்சியென ஒரே வாக்கியத்தில் ஒதுக்கிவிடுவோரும் நம்மிடையே உளர். இரு நோக்குகளும் வரலாற்றைத் தவிர்த்துவிடுகின்றன என்பது எமது கருத்து. தேசப்படம் என்பது யாரால், எவ்வுற்பத்தி உறவுகளின் பின்னணியில், எவருடைய தேவைக்காக வரையப்படுகின்றது என்ற கேள்வியையே நாம் முன்வைக்க விரும்புகின்றோம்.

தேசப்படம் நிலத்தின் நடுநிலையான பிரதிபிம்பம் என்ற கொள்கையை 1980களின் பிற்பகுதியில் பிரயன் ஹாலி என்னும் ஆங்கிலேயப் புவியியல் அறிஞர் கடுமையாக விமர்சித்தார். தேசப்படத்தில் இடம்பெறுவன போன்றே இடம்பெறாதனவும் அதிகாரத்தின் மொழியே என்பது அவர் எழுத்துக்களின் சாரம். குடியேற்ற நாடுகளின் வரலாற்றை அறிந்தோர்க்கு இஃது எளிதிற் புலனாகும். இலங்கையில் நில அளவைத் திணைக்களம் 1800இல் நிறுவப்பட்டது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் உறுதியற்ற காட்டு நிலங்களையும் தரிசு நிலங்களையும் முடிக்குரியனவாகக் கருத வழிசெய்தது. சேனைப் பயிர்ச்செய்கையாளன் தலைமுறை தலைமுறையாகச் சுழற்சிமுறையிற் பயன்படுத்திய நிலம் சட்டத்தின் கண்களுக்கு ஆளற்ற நிலமாயிற்று. அந்நிலத்திற் கோப்பித் தோட்டங்கள் எழுந்த கதை யாவரும் அறிந்ததே.

இயற்கை பேணலின் வரலாறும் இதற்கு முற்றிலும் புறம்பானதன்று. 1872இல் ஐக்கிய அமெரிக்காவில் யெலோஸ்ரோன் தேசியப் பூங்கா வரையறுக்கப்பட்டபோது அந்நிலத்தை வேட்டைக்கும் பயணத்துக்கும் பயன்படுத்திவந்த சுதேசிகள் படிப்படியாக அதிலிருந்து விலக்கப்பட்டனர். 1950களின் இறுதியில் பேர்ண்ஹாட் கிறிசிமெக் என்ற ஜெர்மானியரும் அவர் மகனும், வரிக்குதிரையின் வரிகள் தீட்டிய சிறு விமானமொன்றிலே செரெங்கெட்டிச் சமவெளிக்கு மேலாகப் பறந்து விலங்குகளைக் கணக்கிட்டனர். மகன் 1959 சனவரியில் விமான விபத்தில் மாண்டார். அவ்வாண்டிலேயே மசாய் ஆயர்கள் செரெங்கெட்டிப் பூங்காவின் எல்லைக்குள்ளிருந்து கொறொங்கொறோ பகுதிக்குப் பெயரவேண்டியவராயினர். வானத்திலிருந்து நோக்கும் கண்ணுக்கு விலங்குக் கூட்டங்கள் தெளிவாகத் தெரிந்தன. மேய்ச்சற் பாதைகளின்மீது மக்களுக்கிருந்த உரித்துத் தெரியவில்லை. நம் நாட்டிலே 1983ஆம் ஆண்டில் மாதுறு ஓயா தேசியப் பூங்கா பிரகடனப்படுத்தப்பட்டபோது வேடர் சமூகத்தினர் தம் வேட்டைக் காடுகளை இழந்தனர். பலர் ஹெனானிகலக் குடியேற்றத்துக்குச் செல்ல, ஊருவரிகே திசாஹாமியும் சிலரும் தம்பானையை விட்டு அகல மறுத்தனர். எண்ணிமப் பூகோளத்தில் இன்று மாதுறு ஓயாவை நோக்குவோர்க்குப் பச்சை நிறப் பரப்பொன்றே தோன்றும். அப்பச்சைக்குள் ஒரு வழக்கு இருப்பது தோன்றாது.

இனி, இப்பூகோளம் எவ்வாறு பிறந்தது என்பதை நோக்குவோம். அதன் மூலவேர் இராணுவ உளவிலே ஊன்றியுள்ளது. கெடுபிடி யுத்த காலத்தில், 1960 முதல் 1972 வரை ஐக்கிய அமெரிக்கா கொரோனா என்ற இரகசியப் பெயரில் உளவுச் செய்மதிகளை ஏவியது. அவை எடுத்த 8,60,000க்கும் மேற்பட்ட படங்கள் 1995இலேயே இரகசியப் பட்டியலிலிருந்து விடுவிக்கப்பட்டன. அச்செய்மதிகளின் ஒளிப்படக் கருவிகளுக்கு வழங்கப்பட்ட குறியீட்டுப் பெயர் 'கீஹோல்', அதாவது சாவித்துவாரம். 2001இல் கலிபோர்ணியாவில் தோன்றிய ஒரு சிறு கொம்பனி அதே பெயரைத் தனக்குச் சூட்டிக்கொண்டது தற்செயலன்று. 2003இல் அமெரிக்க மத்திய உளவு நிறுவனத்தின் சார்பில் முதலிடும் இன்-கியூ-ரெல் என்ற அமைப்பு இக்கொம்பனியிற் பணமிட்டது. ஈராக்கின் மீதான படையெடுப்பின்போது தொலைக்காட்சிகள் பக்தாத் நகரத்தின்மீது பறப்பது போன்ற காட்சிகளைக் காட்டியதும் இம்மென்பொருளைக் கொண்டே. 2004இல் கூகிள் நிறுவனம் கீஹோலை வாங்கியது. 2005 யூனில் கூகிள் எர்த் என்ற பெயருடன் அது இலவசமாக வெளிவந்தது. பூகோளத்தைத் திரையிற் சுழற்றி நெருங்கிச் செல்லும் எண்ணம் அதற்கும் முன்னரே பேர்லினில் ஆர்ட்+கொம் குழுவினரின் 1994ஆம் ஆண்டு ரெராவிஷன் படைப்பிலே செயலுருப் பெற்றிருந்தது. காப்புரிமை கோரி அவர்கள் தொடுத்த வழக்கு 2016இல் அமெரிக்க யூரிமார் மன்றில் தோற்றது.

இராணுவத்தின் வழி ஒன்றாக, பொதுநிதியின் வழி மற்றொன்றாக இருந்தது. 1972 யூலையில் ஏவப்பட்ட முதலாவது லாண்ட்சற் செய்மதி குடிசார் தேவைகளுக்காக அமைந்தது. காடு, பயிர், நீர்நிலை ஆகியவற்றின் அரை நூற்றாண்டுப் பதிவு அதன் வழிவந்த செய்மதிகளால் நமக்குக் கிடைத்துள்ளது. ஆனால் றீகன் ஆட்சிக்காலத்தில், 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம், அப்படங்களின் விற்பனை தனியாரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒரு படத்தின் விலை நாலாயிரம் டொலரையும் கடந்தது. மக்களின் வரிப்பணத்தில் எடுத்த படத்தை மக்கள் வாங்கமுடியாத நிலை அது; மூன்றாம் உலகப் பல்கலைக்கழகங்களின் நிலையைச் சொல்லவேண்டியதில்லை. 2008இற்றான் முழுத் தொகுதியும் விலையின்றித் திறக்கப்பட்டது. 2013இல் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தார் 6,54,178 லாண்ட்சற் படங்களைக் கூகிளின் கணினிகளில் ஆராய்ந்து, 2000 முதல் 2012 வரை உலகம் 23 இலட்சம் சதுர கிலோமீற்றர் மரப்பரப்பை இழந்ததெனவும் 8 இலட்சம் சதுர கிலோமீற்றரைப் பெற்றதெனவும் வெளியிட்டனர். கூகிளின் பெருந்தொண்டாக இது பரவலாகப் போற்றப்பட்டது. இவ்வாய்வின் மூலப்பொருள் நாற்பதாண்டுப் பொதுத்துறை உழைப்பு என்பதையும் உடன் சொல்லியாக வேண்டும்.

அவ்வாய்வு குறித்து இன்னொன்றும் மனங்கொள்ளத்தக்கது. ஐந்து மீற்றருக்கு மேற்பட்ட உயரமுள்ள தாவரம் யாவும் அங்கு மரமெனக் கொள்ளப்பட்டது. இவ்வரைவிலக்கணப்படி இறப்பர்த் தோட்டமும் எண்ணெய்ப்பனைத் தோட்டமும் இயற்கைக் காட்டோடு ஒரே நிறம் பெறும். களுத்துறை மாவட்டத்து முதிர்ந்த இறப்பர் மரங்களும் சிங்கராசவும் மேலிருந்து பார்க்கையில் ஒன்றே; விடியுமுன் பால்வெட்டச் செல்லும் தொழிலாளி எங்குமில்லை. இக்குறையை அறிவியலாளர் சிலர் 2014இலேயே சுட்டிக்காட்டினர்.

தொடக்க காலத்தில் எண்ணிமப் பூகோளத்தின்மீது பேணல் திட்டங்கள் எவ்விதம் குறிக்கப்பட்டன என்பதை நோக்கின் அவற்றின் சமூகப் பண்பு ஒருவாறு புலப்படும். 2006இல் ஐக்கிய நாடுகள் சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டம், மாறிவரும் சுற்றாடல் குறித்த தன் படத்தொகுதியிலிருந்து முன்-பின் காட்சிகளை அங்கு சேர்த்தது. அதே ஆண்டில் ஜேன் குடால் நிறுவனம் தன்சானியாவின் கொம்பே சிம்பன்சிகளின் நாளாந்தக் குறிப்புகளை வெளியிடத் தொடங்கியது. உலக வனசீவராசிகள் நிதியமும் தன் திட்டங்களை அடுத்துக் குறித்தது. கண்டங்கள்தோறும் சிறு அடையாளங்கள். ஒவ்வொன்றையும் தொட்டால் ஒரு படம், சில வரிகள், பெரும்பாலும் நன்கொடைக்கான வழி. திட்டத்தின் வெற்றி தோல்வியையோ, அதனால் இடம்பெயர்ந்தோர் எவர் என்பதையோ அவ்வடையாளம் சொல்லாது. கொம்பேயில் நிலைமை சற்று வேறு: அங்கு 1994 முதலே கிராமத்தவரோடு இணைந்து செயற்பட்ட திட்டமொன்று இருந்தமையால், நுண்ணிய செய்மதிப் படங்களிற் கிராமத்தவர் தம் வயலையும் ஓடையையும் தாமே இனங்கண்டு நிலப்பயன்பாட்டைத் திட்டமிட முடிந்தது.

தேசப்படம் போராட்டத்தின் கருவியான இடங்களும் உள. கலிபோர்ணியாவின் சாந்தாகுறூஸ் மலைப்பகுதியில் வசித்த றெபேக்கா மூர் என்ற கூகிள் பொறியியலாளர்க்கு 2005இல் தன் அயலிலே மரம் வெட்டும் திட்டமொன்று பற்றிய அறிவித்தல் தபாலிற் கிடைத்தது. இணைக்கப்பட்ட கறுப்பு வெள்ளை வரைபடத்திலிருந்து எதனையும் விளங்கிக்கொள்ள இயலவில்லை. அவர் அதே எல்லைகளை எண்ணிமப் பூகோளத்தில் வரைந்து, வெட்டப்படவிருந்த காட்டின்மீது பறந்து செல்லும் காட்சியாக அயலவர்க்குக் காட்டினார். மக்கள் எதிர்ப்புத் திரண்டது. பின்னர் அத்திட்டத்துக்கு அனுமதி மறுக்கப்பட்டது. அப்பலாச்சிய மலைத்தொடரில் நிலக்கரிக்காக மலைமுடிகளை வெடிவைத்துத் தகர்க்கும் முறையை எதிர்த்தோர், அழிந்த 470க்கும் மேற்பட்ட மலைகளை இவ்வாறே பூகோளத்தில் நினைவுச்சின்னங்களாகக் குறித்தனர். எனினும் மூரின் வெற்றி கல்வியும் கணினியும் வழக்கறிஞரை அமர்த்தும் வசதியும் கொண்ட ஒரு சமூகத்தின் வெற்றி என்பதை மறந்துவிடலாகாது.

இவ்வசதிகளின்றி இக்கருவியைக் கையேற்ற ஒரு மக்கட் கூட்டத்தினரின் வரலாறே எமக்கு மிகுந்த படிப்பினை தருவதாகத் தோன்றுகின்றது. பிறேசிலின் றொண்டோனியா, மாற்றோ குறோசோ மாநிலங்களின் எல்லையில் வாழும் சுருயி மக்கள் தம்மைப் 'பைத்தெர்' என அழைப்பர். 'உண்மை மனிதர், நாமே' என்பது அதன் பொருள். 1969 செப்தெம்பர் 7ஆம் திகதி அரசின் சுதேசிகள் திணைக்களத்தார் அவர்களுடன் முதன்முதலாக உத்தியோகபூர்வத் தொடர்பு கொண்டனர். அத்திகதி 1822இல் போர்த்துக்கலிடமிருந்து பிறேசில் பெற்ற சுதந்திரத்தின் நினைவுநாளுமாகும். அவர்தம் நிலத்துக்கு இன்றும் 'செப்தெம்பர் ஏழு' என்பதே சட்டப் பெயர். சுருயிகளோ அந்த முதற் சந்திப்பிடத்தைக் கத்திகள் தொங்கவிடப்பட்ட இடம் என்ற பொருளில் தம் மொழியில் வழங்கினர். திணைக்களத்தார் மரங்களிற் பரிசாகக் கட்டிவைத்த கத்திகளே அவர்கள் நினைவில் நின்றன. ஒரே நிலத்துக்கு இரு பெயர்கள்; அரசின் தேசப்படத்தில் ஒன்றுக்கே இடமிருந்தது.

தொடர்பைத் தொடர்ந்து தட்டம்மையும் சளிக்காய்ச்சலும் காசமும் வந்தன. ஏறத்தாழ ஐயாயிரவராக இருந்தோர் சில ஆண்டுகளில் முந்நூறு பேருக்கும் குறைவாயினர். நோய் ஓயுமுன் பெருந்தெரு வந்தது. உலக வங்கியின் கடனுதவியுடன் 1981இல் தொடங்கிய பொலொனோரொயெஸ்தே திட்டத்தின்கீழ் பிஆர்-364 நெடுஞ்சாலை 1984இற் செப்பனிடப்பட்டு முடிந்தது. தெற்கிலே பெருநிலவுடைமையும் இயந்திரமயமாக்கலும் நிலத்திலிருந்து வெளியேற்றிய வறிய விவசாயிகள் அச்சாலை வழியே பல்லாயிரக்கணக்கில் வந்திறங்கினர். நிலச்சீர்திருத்தத்தைத் தவிர்க்க விரும்பிய இராணுவ ஆட்சி, வறிய விவசாயியைச் சுதேசியின்மீது ஏவிவிட்டது என்றே கூறலாம். கிளைவீதிகள் மீன்முள்போற் காட்டைப் பிளந்து செல்லும் றொண்டோனியாவின் செய்மதிப் படம் அமேசன் அழிவின் குறியீடாக உலகப் பாடநூல்களிற் புகுந்தது. கண்டனங்களையடுத்து 1985இல் உலக வங்கி கடன் வழங்கலைத் தற்காலிகமாக நிறுத்தியது. 1976இல் எல்லையிடப்பட்டு 1983இல் அங்கீகாரம் பெற்ற சுருயி நிலம், சுமார் 2,48,000 ஹெக்டயர், அப்படத்திற் சிதையாத பச்சைக் கட்டமாக எஞ்சி நின்றது. உள்ளே நிலைமை அவ்வளவு தூய்மையானதன்று. அரசின் உதவி அற்றுப்போன நிலையில் மருந்துக்கும் உணவுக்குமாகச் சுருயிகளுட் சிலரே 1980களின் நடுப்பகுதி தொட்டு மரவியாபாரிகளுக்குப் பெறுமதிமிக்க மரங்களை விற்கத் தலைப்பட்டனர்.

1974இற் பிறந்த அல்மீர் நாராயமொகா சுருயி, தம் மக்களுட் பல்கலைக்கழகம் சென்றோரில் முதல்வர். இளவயதிலேயே கமேப் குலத்தின் தலைவரானார். மரவியாபாரிகளின் கொலைமிரட்டலால் சில காலம் நாட்டைவிட்டு நீங்கியிருக்க நேர்ந்தது. இணையக் கடையொன்றில் கூகிள் எர்த்தைக் கண்ட அவர் தம் நிலத்தைத் தேடிப்பார்த்தார். 2007இல் கலிபோர்ணியா சென்று அந்நிறுவனத்தாரை நேரிற் சந்தித்து, தம் நிலத்தின் தெளிவான படங்களையும் பயிற்சியையும் கேட்டார். தலைவரொருவர் பன்னாட்டு நிறுவனமொன்றின் வாயிலிற் போய்க் கேட்கும் நிலை குறித்து நாம் சங்கடப்படலாம். தம் அரசின் வாயிலில் அவர்கள் ஏற்கனவே கேட்டுப் பார்த்திருந்தனர் என்பதையும் கருதவேண்டும். 2008இற் பயிற்சிக் குழு வந்தது. முதியோர் சொன்ன கதைகளை இளைஞர்கள் ஒளிப்பதிவு செய்தனர். பழைய ஊர்கள், குடியேறியோருடன் மோதிய களங்கள், முதற் தொடர்பு நிகழ்ந்த இடம், வேட்டையாடும் இடங்கள் என்பன பூகோளத்தில் இடம்பெற்றன. செப்தெம்பர் ஏழு என மட்டும் பதியப்பட்டிருந்த நிலத்தில் இப்போது மரணங்களும் பெயர்களும் தோன்றின. சுதேசிகள் தம் தேசப்படத்தைத் தாமே வரைந்து உரிமை நாட்டும் மரபு, கனடாவின் இனுயிற் மக்களது நிலப்பயன்பாடு பற்றி 1976இல் வெளியான ஆய்வுத் தொகுதிகள்வரை பின்செல்வதாகும். நான்சி பெலூசோ 1995இல் களிமந்தான் காடுகளைப் பற்றி எழுதுகையில் இதனை 'எதிர்த் தேசப்படமாக்கல்' எனப் பெயரிட்டார். சுருயிகள் அம்மரபைப் புதிய கருவிக்குக் கொணர்ந்தனர்.

ஆயின் கதை இங்கு முடியவில்லை. 2009இற் சுருயிகள் மரம் வெட்டுவதை நிறுத்தத் தீர்மானித்தனர். இழக்கும் வருமானத்துக்கு ஈடாக, காட்டிலே தங்கும் காபனை உலகச் சந்தையில் விற்கும் திட்டம் வகுக்கப்பட்டது. திறன்பேசிகளுடன் மரங்களை அளக்க இளைஞர் பயின்றனர். சர்வதேச நியமங்களின்படி 2012இல் உறுதிப்படுத்தப்பட்ட இத்திட்டம், சுதேசிகளே முன்னின்று நடத்திய இவ்வகைத் திட்டங்களுள் முதலாவதாகும். 2013இற் பிறேசிலின் நத்தூரா அழகுசாதனக் கொம்பனி 1,20,000 தொன்னுக்குரிய சான்றிதழ்களை வாங்கியது. தேசப்படம் இதனால் தன் பண்பை மாற்றிக்கொண்டது என்பதே எமது கணிப்பு. நினைவையும் உரிமையையும் பதிய எழுந்த ஒன்று, பண்டமொன்றின் இருப்பைச் சரிபார்க்கும் கணக்கேடாகவும் ஆயிற்று. பயன் சமமாகப் பகிரப்படவில்லை எனச் சுருயிகளுள் ஒரு பகுதியினர் வெளிப்படையாக எதிர்த்தனர். மர வியாபாரத்தால் வாழ்ந்தோர்க்கும் காபனை நம்பியோர்க்குமிடையே பிளவு ஆழமாயிற்று. அதன்மேல், பொன்னும் வைரமும் தேடுவோர் உட்புகுந்தனர். காடழிப்புக் கட்டுக்கடங்காது பெருகவே 2018இல் காபன் திட்டம் இடைநிறுத்தப்பட்டது. எந்த மூலையில் எத்தனை மரம் வீழ்ந்தது என்பது செய்மதிப் படத்திற் தெளிவாகவே தெரிந்தது. வெட்டுவோரைத் தடுத்துநிறுத்தும் அதிகாரம் அரசிடமே இருந்தது.

அரசு எப்பக்கம் நின்றது என்பதற்குப் பிறேசிலின் தேசிய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் பதிவுகளே சான்று. 1988 முதல் ஆண்டுதோறும் அமேசன் காடழிப்பை அளந்துவரும் அந்நிறுவனத்தின் கணக்குப்படி, 2004இல் 27,772 சதுர கிலோமீற்றராக இருந்த அழிவு 2012இல் 4,571 ஆகக் குறைந்தது. 2004இல் அறிமுகமான உடனடி எச்சரிக்கை முறையும், அதன்படி களத்துக்குச் சென்று அபராதம் விதித்த உத்தியோகத்தரும் இதற்கு உறுதுணையாயினர். செய்மதி மட்டுமன்று, உத்தியோகத்தரும் என்பதே இங்கு முக்கியம். பொல்சொனாறோ ஆட்சியில் அதே செய்மதிகள் அதே வானிற் சுழன்றன. 2019 ஓகஸ்டில் அந்நிறுவனத்தின் பணிப்பாளர் றிக்கார்டோ கல்வாவோ கணக்கை வெளியிட்டமைக்காகவே பதவி நீக்கப்பட்டார். 2021இல் அழிவு மீண்டும் 13,000 சதுர கிலோமீற்றரைத் தாண்டியது.

இவ்விடத்து ஒரு சிறு குறிப்பு. 2005 ஒக்ரோபரில், இந்தியக் குடியரசுத் தலைவராகவிருந்த அப்துல் கலாம், தனியார் நிறுவனமொன்று வளர்முக நாடுகளின் நுண்ணிய படங்களை எவர்க்கும் கிடைக்கச் செய்வது பாதுகாப்புக்கு ஆபத்தெனக் கவலை தெரிவித்தார். பூகோளத்தைத் திறந்துவைப்பது அரசுகளை அசௌகரியப்படுத்தும் என்பது இதிலிருந்து தெரிகின்றது. அரசுகளின் அசௌகரியம் எப்போதும் மக்களின் நன்மையாகிவிடாது. எதிரியின் பாசறை தெரியும் அதே நுணுக்கத்தில் அருகி வரும் விலங்கின் உறைவிடமும், சுதேசிகளின் புதைகுழியும், வெளியுலகத் தொடர்பை விரும்பாத மக்களின் குடிலும் தெரியும். வரையாதிருத்தலும் ஓர் உரிமையெனக் கொள்ளும் பேணலாளர் இன்று பெருகிவருகின்றனர். நிறுவனங்களின் மென்பொருட்கள் அவ்வுரிமைக்கு ஏற்பாடு செய்வது இன்னும் அரிதாகவே உள்ளது.

2021 நவம்பரில் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டின் தொடக்க அமர்வில் அல்மீரின் மகள் ச்சாய் சுருயி உரையாற்றினார். நிலத்தைக் காக்க முயன்று கொல்லப்பட்ட தோழரொருவரைப் பற்றி அவர் அங்கு பேசினார். எண்ணிமப் பூகோளத்தில் றொண்டோனியாவை நெருங்கிச் சென்றால், ககோவால் நகருக்கு வடக்கே மீன்முள் வீதிகளுக்கு நடுவே அந்தப் பச்சைக் கட்டம் இன்றும் தெரிகின்றது. அதன் உட்புறத்தே, எல்லைக் கோட்டைத் தாண்டி, மண்ணிறத் தழும்புகளும் தெரிகின்றன.